ஃபிராட்ஷம் என்று பொறித்த வெள்ளிப் பாக்கெட் வாட்ச்: எந்த ஃபிராட்ஷம்?

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆங்கில மூதாட்டிக்கு இவர் குடும்பம் ஒத்தாசையாக இருந்திருக்கிறது. அந்த அம்மா காலமாகும்போது, தன் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்த வெள்ளிப் பாக்கெட் வாட்சை இவர் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "மகாராணிக்குக் கடிகாரம் பார்த்த ஃபிராட்ஷம் செய்தது இது" என்று அடிக்கடி சொல்வாராம். வாட்சுக்குச் சாவி இல்லை. வாசகர் கேட்பது இவை: இது நிஜமாகவே அந்த ஃபிராட்ஷம்தானா? எந்த வருடத்தது? சாவி வாங்கி ஓட விடலாமா? வீட்டுக் காப்பீட்டில் எப்படிப் பதிவது? படங்களும் அனுப்பியிருக்கிறார். நல்ல தெளிவான படங்கள்.

முதலில் சுருக்கமாகப் பதில். விக்டோரியா மகாராணியின் ஃபிராட்ஷம் செய்ததல்ல இது. ஆனால் அதே குடும்பப் பெயர், அதே ஊர், அதே தொழில். கேஸின் முத்திரை 1862 மே முதல் 1863 மே வரையிலான ஓராண்டைக் காட்டுகிறது. ஓட விடலாம், ஆனால் இப்போது வேண்டாம். காப்பீட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய ஆங்கில வாட்சைத் திறக்கவே பலருக்குத் தெரிவதில்லை. பின்மூடியைத் திறந்தால் இன்னொரு வெள்ளித் தட்டுதான் தெரியும். அதில் சாவி நுழைய ஒரு ஓட்டை இருக்கும். அந்தத் தட்டு திறக்காது என்று தெரியாமல் கத்தியை விட்டு நெம்பிக் கெடுத்த வாட்சுகள் ஏராளம். மெஷின் வெளிவருவது முன்பக்கமாக. கண்ணாடி வளையத்தைத் திறந்ததும் டயலின் 6 மணி ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி தெரியும். அதை நகத்தால் உள்ளே தள்ளினால், 12 மணிப் பக்கத்துக் கீலில் டயலோடு மெஷின் முழுவதும் புத்தகம் போலத் திறந்து வெளியே சாயும். பின்னால் பித்தளையில் ஒரு தூசி மூடி. அதைப் பிடித்திருப்பது நீலம் பாய்ச்சிய பிறை வடிவ எஃகுத் துண்டு. அதை ஓரமாக நகர்த்தினால் மூடி கழன்று கையோடு வந்துவிடும். தங்கமுலாம் பூசிய தட்டும், அதில் வெட்டிய எழுத்துகளும், இங்குமங்கும் ஆடி நேரம் காக்கும் பேலன்ஸ் வீலின் மேல் செதுக்கு வேலைப்பாடுள்ள பாலமும் அப்போதுதான் கண்ணில் படும்.

வாசகரின் மெஷினில் "ஃபிராட்ஷம், 31 கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட், லண்டன்" என்று வெட்டியிருக்கிறது. கூடவே நான்கிலக்க எண். முதற்பெயர் இல்லை. அந்த மூதாட்டியின் குடும்பம் பெயரைப் படித்திருக்கிறது, தெருவைப் படிக்கவில்லை. இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் தெருவில்தான் எல்லாம் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் வில்லியம் ஃபிராட்ஷம் என்ற வாட்ச் வேலைக்காரர் இருந்தார். அந்த வழியில் வந்த வில்லியம் ஜேம்ஸ் ஃபிராட்ஷம், 1801-இல் வில்லியம் பார்கின்சனோடு கூட்டுச் சேர்ந்து லண்டனின் சேஞ்ச் ஆலியில் கடை போட்டார். "பார்கின்சன் அண்ட் ஃபிராட்ஷம்" என்ற அந்தப் பெயர் முக்கியமாகக் கப்பல் குரோனோமீட்டருக்குப் பேர் போனது. நடுக்கடலில் தீர்க்கரேகை கணக்கிட, துறைமுக நேரத்தைப் பிசகாமல் தூக்கிப்போகும் கடிகாரம் அது. வடமேற்குக் கடல்வழி தேடி 1819-இல் எட்வர்ட் பாரி ஆர்க்டிக் பனிக்குள் போனபோது இவர்களுடைய குரோனோமீட்டர்களும் உடன் போயின.

வில்லியம் ஜேம்ஸின் பிள்ளைகளில் பலர் இதே தொழிலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரிய பெயர் எடுத்தவர் சார்லஸ். 1810-இல் பிறந்தவர். இருபது வயதுவாக்கில் கிரீனிச் வானாய்வகம் நடத்திய போட்டிச் சோதனைக்கு இரண்டு குரோனோமீட்டர்களை அனுப்பினார். அவற்றில் ஒன்றுக்கு இரண்டாம் பரிசாக 170 பவுண்டு கிடைத்தது. அந்த நாளில் அது ஒரு தொழிலாளியின் பல வருடச் சம்பாத்தியம். 1834-இல் ஃபின்ஸ்பரி பேவ்மெண்டில் தனிக்கடை வைத்தார். 1843-இல் ஜான் ரோஜர் ஆர்னால்ட் இறந்ததும் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கி, 84 ஸ்ட்ராண்ட் முகவரிக்கு மாறினார். ஆர்னால்ட் குடும்பமும் குரோனோமீட்டரில் பெரிய கை. அதனால்தான் அந்தக் காலத்துச் சரக்கில் "ஆர்னால்ட் அண்ட் ஃபிராட்ஷம்" என்ற பெயரும் வரும். அரண்மனைக் கடிகாரங்களைப் பார்த்துவந்த பெஞ்சமின் லூயிஸ் வல்லியமி 1854-இல் இறந்த பிறகு அந்தப் பொறுப்பும் சார்லஸிடம் வந்தது. மூதாட்டி சொன்ன "மகாராணியின் ஃபிராட்ஷம்" இவர்தான். 1858-இல் கடிகாரத் தொழிலுக்கான சங்கமான பிரிட்டிஷ் ஹொராலஜிக்கல் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியவர்களிலும் இவர் ஒருவர். 1871-இல் இறந்தார். மகன் ஹாரிசன் மில் ஃபிராட்ஷம் தொடர்ந்தார். சார்லஸ் பெயரில் அந்த நிறுவனம் இன்றும் வாட்ச் செய்கிறது.

சார்லஸ் கடைச் சரக்கை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. நல்ல வாட்சுகளில் முகவரியோடு "ஏ.டி. எஃப்.எம்.எஸ்.இசட்." என்று புரியாத எழுத்துகள் வெட்டியிருக்கும். குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகள் எட்டுக்கும் வரிசையாக 1 முதல் 8 வரை எண் கொடுத்து, கடைசி எழுத்தான இசட்டைப் பூஜ்யமாக வைத்தால் எஃப் 1, எம் 8, எஸ் 5. அதாவது கி.பி. 1850. அந்த ஆண்டுவாக்கில் அவர் கொண்டுவந்த மேம்பட்ட மாதிரி என்பதற்கு அடையாளம். வாட்ச் செய்த வருடம் என்று எடுத்துக்கொண்டு பலர் ஏமாறுகிறார்கள். 1880-களில் செய்த வாட்சிலும் இதே எழுத்துகள்தான்.

கிரேஸ்சர்ச் தெரு இதெல்லாம் இல்லாத வேறு கடை. ஸ்ட்ராண்ட் பக்கம் பிரபுக்களும் நாடகக் கொட்டகைகளும். கிரேஸ்சர்ச் தெரு லண்டன் பாலத்துக்குப் போகும் வழி, வியாபாரிகளும் கப்பல் ஏஜெண்டுகளும் நடமாடும் இடம். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தக் குடும்பப் பெயரில் கடை நடந்தது. முதலில் "ஃபிராட்ஷம் அண்ட் பேக்கர்", பிறகு வெறும் "ஃபிராட்ஷம்", பிறகு "ஜி. இ. ஃபிராட்ஷம்" என்று கையெழுத்து மாறிக்கொண்டே வரும். இதுவும் சாதாரணக் கடையில்லை. குரோனோமீட்டரும், பேலன்ஸ் வீலைச் சின்ன நெம்புகோலால் தள்ளும் நல்ல லீவர் வாட்சும் விற்ற கடை. லிவர்பூலில் ஹென்றி ஃபிராட்ஷம் வேறு இருந்தார். "ஃபிராட்ஷம் அண்ட் கீன்" என்றால் அதுவும் லிவர்பூல் சரக்கு. முகவரியே இல்லாமல் "ஃபிராட்ஷம், லண்டன்" என்று மட்டும் இருந்தால்தான் நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன். பிரபலமான ஆங்கிலப் பெயர்களைச் சுவிட்சர்லாந்தில் மலிவு மெஷின்களில் வெட்டி விற்ற பழக்கம் அந்நாளிலேயே இருந்தது. அந்த மாதிரி வாட்சில் முழுத் தட்டுக்குப் பதில் தனித்தனிப் பட்டைகள் தெரியும், ஃபியூசி என்ற சங்கிலி சுற்றும் கூம்பு இருக்காது, வெள்ளி முத்திரையும் ஆங்கில முத்திரையாக இருப்பது அரிது. வாசகரின் வாட்சில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஃபிராட்ஷம் செய்தது" என்பதே பாதி உண்மைதான். அன்றைய இங்கிலாந்தில் ஒரு வாட்சை ஒரே ஆள் உட்கார்ந்து செய்வது கிடையாது. லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற சிற்றூரைச் சுற்றி வீட்டுக்கு வீடு பட்டறை. தட்டு, பல்சக்கரம், பீப்பாய் எல்லாம் கரடுமுரடாக அங்கே தயாராகி லண்டனுக்கும் கவென்ட்ரிக்கும் லிவர்பூலுக்கும் வரும். லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியில் ஒருவர் சக்கரத்தைப் பல் பல்லாக விடும் எஸ்கேப்மெண்டை வெட்டுவார், ஒருவர் மாணிக்கக்கல் பதிப்பார், ஒருவர் டயலுக்கு எனாமல் சுடுவார், இன்னொருவர் கேஸ் அடிப்பார். ஃபியூசிச் சங்கிலி தென்கரையிலுள்ள கிரைஸ்ட்சர்ச் ஊரிலிருந்து வரும். சைக்கிள் சங்கிலியைத் தலைமுடி அளவுக்குச் சுருக்கியது போலிருக்கும் அதன் கண்ணிகளைக் கோத்துத் தறைந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். கடைசியில் இவ்வளவையும் சேர்த்து, சோதித்து, நேரம் சரிசெய்து, தன் பெயரை வெட்டுபவர் கடைக்காரர். அவர் பெயருக்கு மதிப்பு எங்கே வருகிறதென்றால், எந்தப் பட்டறையில் வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்ற தேர்வில். ஃபிராட்ஷம் குடும்பம் அந்தத் தேர்வில் கறாரானது.

ஆக, மெஷினின் கரட்டு வேலை செய்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் டயலைக் கழற்ற வேண்டும். டயலுக்கு அடியிலுள்ள தட்டில் பிரெஸ்காட் பட்டறைக்காரரின் இரண்டு மூன்று முதலெழுத்துகளும் அளவு எண்ணும் குத்தியிருக்கும். அதை நீங்கள் கழற்ற வேண்டாம். பழைய எனாமல் டயலின் பின்னால் செப்புக் கால்கள் உண்டு. ஒரு காலை வளைத்து இழுத்தாலே முன்பக்கம் தலைமுடி போன்ற வெடிப்பு விழும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி வருடம். பின்மூடியின் உட்புறப் படத்தில் முத்திரைகள் தெரிகின்றன. முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம்: ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு. கிரீடமில்லாத சிறுத்தைத் தலை: லண்டனில் சோதித்தது. 1821 வரை இந்தச் சிறுத்தைக்குக் கிரீடம் உண்டு, பிறகு எடுத்துவிட்டார்கள். மூன்றாவது, கோதிக் பாணியில் சிற்றெழுத்து "ஜி". லண்டன் சோதனைக்கூடம் ஏ முதல் யூ வரை ஜே-யை விட்டுவிட்டு 20 எழுத்துகளை ஆண்டுக்கு ஒன்றாக ஓட்டி, சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றும். கோதிக் சிற்றெழுத்துச் சுற்று 1856-இல் தொடங்கியது. ஏழாவது எழுத்து 1862. எழுத்து மாறுவது மே மாதக் கடைசியில் என்பதால்தான் 1862–63 என்று சொல்கிறேன். எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல் "ஜி" என்று மட்டும் தேடினால் இருபது இருபது வருடமாகத் தள்ளிப் போகும். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும் வாளும் இருந்தால் செஸ்டர். அவற்றுக்கு எழுத்து அட்டவணை வேறு.

வாசகர் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார்: 1784 முதல் 1890 வரை ஆங்கில வெள்ளியில் அரசர் அல்லது அரசியின் தலை முத்திரை இருக்க வேண்டுமாமே, இதில் இல்லையே, போலியோ? நல்ல கேள்வி. அந்தத் தலை, வரி கட்டியதற்கான முத்திரை. வாட்ச் கேஸுக்கு அந்த வரியை 1798-இலேயே விலக்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்த கேஸில் விக்டோரியாவின் தலை இல்லாதிருப்பதுதான் சரி. பொதுவான வெள்ளிப் பாத்திர அட்டவணைகளில் இந்த விவரத்தைப் போடமாட்டார்கள். நல்ல வாட்சைப் போலி என்று நினைத்து மலிவாகத் தள்ளியவர்கள் உண்டு.

நான்காவது முத்திரை, கேஸைச் சோதனைக்கு அனுப்பியவரின் முதலெழுத்துகள். பெரும்பாலும் கேஸ் செய்தவர். உங்களுடையதில் அது தேய்ந்து மழுங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் துடைத்துப் பளபளப்பாக்கியதன் விளைவு. கேஸில் குத்திய எண்ணும் மெஷினில் வெட்டிய எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. இதுதான் உங்கள் வாட்சின் பெரிய பலம். தங்கக் கேஸை உருக்கிவிட்டு மெஷினை வேறு வெள்ளிக் கேஸில் பொருத்திய கதைகள் நிறைய. அப்படிப்பட்டதில் எண் பொருந்தாது, அல்லது சாவி ஓட்டையைப் பெரிதாக்கியோ நகர்த்தியோ இருப்பார்கள். மூடியின் உள்ளே ஊசியால் கீறியது போல "11/93" என்றும் வேறு சில கிறுக்கல்களும் தெரிகின்றன. அவை ரிப்பேர்காரர்கள் தங்கள் கணக்குக்குப் போட்டவை. 1893 நவம்பரில் ஒருவர் சர்வீஸ் செய்திருக்கலாம். அழிக்காதீர்கள்.

வெள்ளி கறுத்திருக்கிறதே என்று நம் வீட்டு வழக்கப்படி விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. இதில் மிச்சமிருக்கும் முத்திரையும் போய்விடும், துகள் கீலுக்குள் இறங்கி மெஷினுக்கும் போகும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்குவது அதைவிட மோசம். மெல்லிய பருத்தித் துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

ஓட விடுவது பற்றி. உள்ளே ஸ்பிரிங் இருக்கும் பீப்பாயும், கூம்பு வடிவ ஃபியூசியும் எதிரெதிரே நிற்கின்றன. சாவி கொடுக்கும்போது சங்கிலி பீப்பாயிலிருந்து கழன்று ஃபியூசியின் சுழல் பள்ளத்தில் ஏறுகிறது. ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கையில் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய நுனியை இழுக்கும்; முறுக்குத் தளரத் தளர அகன்ற அடிக்கு வரும். நெம்பு தூரம் கூடுவதால் இழுவிசை கிட்டத்தட்ட ஒரே சீராக நிற்கிறது. பிரெஞ்சுக்காரரும் சுவிஸ்காரரும் எப்போதோ கைவிட்ட இந்த ஏற்பாட்டை ஆங்கிலேயர் விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். அவர்கள் தொழில் கடைசியில் அமெரிக்க இயந்திர வாட்சுகளிடம் தோற்றதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால் அழகு என்றால் அழகுதான்.

பல வருடம் சும்மா கிடந்த வாட்சில் எண்ணெய் பிசினாகக் கட்டியிருக்கும். அதைச் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சு முனைகள் காய்ந்த தூசியில் அரைபடும். "ஓடுதே" என்று சந்தோஷப்படும் ஒவ்வொரு மணிக்கும் தேய்மானம். துருப்பிடித்த சங்கிலி முழு இழுவையில் அறுந்தால், அடித்த அடியில் பக்கத்துச் சக்கரத்தின் பல்லையும் கொண்டு போகும். ஆகவே முதலில் முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். இணையத்தில் விற்கும் பல முனைச் சாவியை வாங்கிச் சும்மா திருகிப் பார்க்கவும் வேண்டாம். தளர்வான சாவி சதுர முனையை உருட்டிவிடும்.

சர்வீஸ் முடிந்த பிறகு தினமும் ஒரே வேளையில் சாவி கொடுங்கள். முழுச் சாவியில் ஒரு நாளும் சில மணி நேரமும் ஓடும். பின்பக்கமாகச் சாவி கொடுக்கும் ஆங்கில ஃபியூசி வாட்சுகள் பலவற்றில் இடப்புறமாகத் திருப்ப வேண்டியிருக்கும். வலப்புறம் முரண்டு பிடித்தால் பலம் காட்டாதீர்கள். முட்டி நிற்கும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். ஃபியூசிக்கென்றே ஒரு தடுப்பு உள்ளது, அதை மீறித் திருகினால் சங்கிலிக்குத்தான் ஆபத்து. நேரம் மாற்ற, கண்ணாடியைத் திறந்து டயல் நடுவிலுள்ள சதுரத்தில் அதே சாவியைப் போடுங்கள். முள்ளை விரலால் தள்ளக் கூடாது. இந்தக் காலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: போனையோ வயர்லெஸ் சார்ஜரையோ பக்கத்தில் வைக்காதீர்கள். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய எஃகுச் சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க ஓடும்.

காப்பீட்டுக்கு வருவோம். ஏலங்களில் சார்லஸ் ஃபிராட்ஷமின் தங்க வாட்சுகள் போகும் விலையைப் பார்த்து அந்தத் தொகையைப் பதியாதீர்கள். பிரீமியம் வீணாகும், இழப்பு என்று வந்தால் நிறுவனம் ஒத்துக்கொள்ளவும் போவதில்லை. இந்தக் காலத்து ஆங்கில வெள்ளி லீவர் வாட்ச் பொதுவாகச் சில நூறு பவுண்டுக்குள் கைமாறும். ஃபிராட்ஷம் என்ற பெயரும், பொருந்தும் எண்களும், பழுதில்லாத டயலும் இதைக் கொஞ்சம் மேலே தூக்கும். சர்வீஸ் செலவே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். விற்கும் எண்ணமிருந்தால் சர்வீஸ் செய்யாமலே விற்பது மேல். வைத்துக்கொள்வதானால் செய்யுங்கள். பழைய வாட்ச் தெரிந்த மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி, பதிவில் "வெள்ளிக் கேஸ், லண்டன் முத்திரை 1862, ஃபியூசி லீவர், ஃபிராட்ஷம், 31 கிரேஸ்சர்ச் ஸ்ட்ரீட்" என்று எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். படங்களையும் மூதாட்டியின் உயில் நகலையும் சேர்த்து வையுங்கள்.

ரிப்பேர்காரரை பிரிட்டிஷ் ஹொராலஜிக்கல் இன்ஸ்டிடியூட்டின் உறுப்பினர் பட்டியலில் தேடலாம். கடைத்தெருவில் பேட்டரி மாற்றுபவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஃபியூசி வாட்ச் இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா? சங்கிலி அறுந்திருந்தால் கண்ணி வைத்துத் தறைவீர்களா, வேறு சங்கிலி போடுவீர்களா? கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? பதிலுக்கு, தட்டைப் புதிதாக முலாம் போட்டுத் தருகிறேன், கேஸைப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டினால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒத்துவந்தால் சாவியையும் அவரிடமே சதுரத்தை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள், டயலுக்கு அடியில் எடுத்த படத்தை எனக்கும் அனுப்புங்கள். முதலெழுத்துகள் தெளிவாக இருந்தால் பிரெஸ்காட் பட்டறை எதுவென்று பார்த்துச் சொல்கிறேன்.